விஜயதசமியில் நின்றுபோன கம்பைல்

எனக்குப் பொறாமை காதில்தான் தொடங்கியது. ஐந்து வருடமாக என்னை மட்டும் "கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் முதலாளி, ஒரு நாள் காலையில் புதிதாக வேலைக்கு வந்தவளைப் பார்த்து, "கண்ணு, அந்த ரிப்போர்ட்டை எடுத்துட்டு வா" என்றார். எனக்குத்தான் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். பிறகு நாற்காலியைச் சரி செய்வதுபோல நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

தொண்ணூறுகளின் முற்பாதி. கோவை சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர். முதலாளி ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்துவிட்டு வந்தவர். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மில் தெரியும். எந்த மிஷின் எந்த ஷிப்டில் எத்தனை கிலோ நூல் நூற்றது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கணக்கு வைக்கும் புரோகிராம்களை எழுதி மில்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எழுதியது நான். பி.எஸ்ஸி. கணிதமும், கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதமும் படித்திருந்தேன். அந்த மாடியில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் நானே பெரிய ஆளாக இருந்தேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பைப்பூவுக்கு அது தெரியாதவரை சுகம்தான்.

அவள் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்தாள். ஸ்காலர்ஷிப்பில் இன்ஜினியரிங் முடித்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மஞ்சள் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் காடு இருந்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் அப்போது யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை. வீட்டில் கேட்டபோது, "புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குது" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் அந்த இரண்டும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. அவள் என்னைவிட நன்றாக வேலை செய்கிறாள் என்பது ஒரு எரிச்சல் என்றால், அதைப் போயும் போயும் அவள் செய்கிறாள் என்பது இன்னொரு எரிச்சல். இரண்டாவதுதான் பெரிது என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

என் புரோகிராம் எல்லாம் ஒரே நீளக் கோப்பு. ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கான வரிகள் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டுமே தெரியும். அது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. அவள் வந்த இரண்டாவது மாதத்தில் அதைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் போட்டாள். திரையில் பெட்டி வரைவது, தேதியைச் சரிபார்ப்பது, பிரிண்டருக்கு வரி அனுப்புவது என்று எல்லா மில்லுக்கும் பொதுவான வேலைகளைத் தனித்தனியாக எழுதி, ஒன்றாகச் சேர்த்து ஒரு லைப்ரரி ஆக்கினாள். வீட்டில் குழம்புப் பொடியை அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்வதுபோலத்தான். அப்புறம் எந்த மில்லுக்கு எழுதினாலும் அந்த மில்லுக்கு உரியதை மட்டும் எழுதினால் போதும், மீதியை லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மூன்று மாதம் பிடிக்கிற வேலையை அவள் மூன்று வாரத்தில் முடித்தாள்.

"இத்தன நாளா இது நமக்குத் தோணாமப் போச்சே கண்ணு" என்றார் முதலாளி என்னிடம். நமக்கு என்று அவர் சொன்னது மரியாதைக்கு. கொங்கு நாட்டு மரியாதை அப்படித்தான், குத்துவதைக்கூடப் பன்மையில் குத்தும்.

அந்த லைப்ரரியை வைத்து எழுதிய முதல் புரோகிராம் ஈரோட்டுப் பக்கம் ஒரு மில்லுக்கு. அதுவரை எங்களுக்குக் கிடைத்ததில் பெரிய மில் அதுதான். யார் அங்கே போய் அதைப் போட்டுக்கொடுக்கிறார்களோ அவர்கள்தான் இனி அந்த மில்லுக்குப் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். பொறுப்பு என்றால் மாதம் இரண்டு முறை மில் கார் வந்து கூட்டிப்போகும், மேனேஜர் எதிர் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசுவார். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்பதைவிட அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று இருந்தது. அவளுக்கோ ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று பேச்சு. ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

"விஜயதசமி அன்னிக்கு நல்ல நேரத்துல கம்பைல் பண்ணி, அன்னிக்கே கொண்டுபோய்ப் போட்டுரோணும். மில்காரரு அப்படித்தான் கேக்கறாரு" என்றார் முதலாளி. பிறகு அவளைப் பார்த்து, "கண்ணு, நீயே போய்ட்டு வந்துரு. நீ எழுதுனதுதானே" என்றார். நான் தலையாட்டினேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜைக்கு ஒரு முறை உண்டு. முந்தின நாள் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். கீழே காயில் கடைக்காரர் லேத்தையும் வைஸையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். மேலே நாங்கள் கம்ப்யூட்டரைத் துடைப்போம். முதலாளிக்கு வெளியே துடைத்தால் மட்டும் போதாது. மில்லில் மோட்டாரைத் திறந்து உள்ளே இருக்கும் பஞ்சை எல்லாம் எடுத்துத்தான் பூஜைக்கு வைப்பார்களாம், அதனால் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் குப்பை இருக்கக் கூடாது. ஹார்டு டிஸ்க்கில் வேண்டாத கோப்புகளை எல்லாம் அழிக்க வேண்டும். அது வருடா வருடம் என் வேலை. பழைய பிரதிகளையும், நாங்கள் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலின்போது நடுவில் உண்டாகிற கோப்புகளையும் அழிப்பேன். மறுபடி கம்பைல் செய்தால் அவை தானாக வந்துவிடும் என்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த வருடமும் உட்கார்ந்தேன். அவள் பண்டிகைக்கு ஊருக்குப் போக நான்கு மணிக்கே கிளம்பிவிட்டாள். முதலாளி பொரியும் பூவும் வாங்கப் போயிருந்தார். அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு டைரக்டரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றில் பதினொரு கோப்புகள் இருந்தன. பெயர்கள் எனக்குப் பழக்கமில்லாதவை. திறந்து பார்த்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. நான் மொத்தமாக அழிக்கும் கட்டளையை அடித்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்று அடித்தேன்.

அது லைப்ரரி என்று எனக்குத் தெரியுமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்ல முடியும். தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் பட்ட சிரத்தையைப் பற்றித்தான் எதுவும் சொல்ல முடியாது.

பூஜை அன்று யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. மூன்றுக்கும் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம், மாலை. காப்பி எடுத்து வைக்கும் பிளாப்பிகளை அடுக்கி மேலே ஒரு தட்டில் வைத்திருந்தோம். முதலாளி பக்தியோடு ஒவ்வொரு பிளாப்பிக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். அவள் அன்று ஊரில் இருந்தாள். நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் முதல் கம்பைல். முந்தைய வருடங்களில் எல்லாம், "கண்ணு, நீ கை வெய்யி" என்று என்னைத்தான் உட்கார வைப்பார். அன்று சத்தியமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, தலையில் கனகாம்பரத்தோடு வந்து நின்றாள் அவள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் மானிட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கட்டளையை அடித்தாள்.

கோப்புகள் ஒவ்வொன்றாக கம்பைல் ஆயின. ஒரு தவறும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து ஒரே புரோகிராம் ஆக்கும் கட்டம் வந்தபோது திரை கடகடவென்று மேலே ஓடியது. இது கிடைக்கவில்லை, அது கிடைக்கவில்லை என்று வரிசையாகப் பெயர்கள். ஓடி நின்றபோது கடைசி இருபது முப்பது வரிகள் மட்டும் திரையில் இருந்தன. புரோகிராம் உண்டாகவில்லை.

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அந்த நேரத்தில் நான் என் கைவரிசையை நினைக்கவே இல்லை. அவள் எழுதியது ஓடவில்லை, அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. "அவசரத்துல எதையாச்சும் மாத்திப்போட்டியா?" என்று கேட்டேன். குரலில் அக்கறையை வரவழைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க்கா. வெள்ளிக்கிழம நல்லா வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வரிகூடத் தொடல."

நானாக இருந்தால் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே இங்கே மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு, "இதெல்லாம் கடைசியில வந்த சண்டைங்க்கா. மொதல் வார்த்தை மேல போயிருச்சு" என்றாள். வருகிற செய்திகளைத் திரைக்குப் பதிலாக ஒரு பிளாப்பிக்குப் போகும்படி செய்து மறுபடி ஓட்டினாள். பிறகு அதைத் திறந்து ஆரம்பத்திற்குப் போனாள். எல்லாப் பெயர்களுக்கும் மேலே, முதல் வரியில், லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று இருந்தது. கீழே இருந்த அத்தனை புலம்பலும் அந்த ஒரு வரியால் வந்தது. பெட்டி வரைவதும் தேதி பார்ப்பதும் பிரிண்டருக்கு அனுப்புவதும் எல்லாம் அந்த ஒரு டப்பாவில்தானே இருந்தன.

லைப்ரரி இருந்த டைரக்டரிக்குப் போனாள். டைரக்டரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் நான் அழித்த பதினொரு கோப்புகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

"அக்கா, பூஜைக்கு முந்தின நாள் டிஸ்க் கிளீன் பண்ணுனீங்கல்ல? இதுல ஏதாச்சும் அழிச்சுபோட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆமாம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"பழைய காப்பியைத்தான் அழிச்சேன். இந்தப் பக்கமே நான் வரல" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரிங்க்கா" என்றாள்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, என்னைக் காட்டி, "அது அஞ்சு வருசமா பண்ணுது. அதுக்குத் தெரியாதா எதை அழிக்கோணும்னு?" என்றார். பிறகு அவளிடம், "நீங்க காப்பி எடுத்து வெச்சிருக்கோணுமல்லங்க?" என்றார். காலையில் கண்ணு, இப்போது நீங்க. எங்கள் பக்கம் ஒருவரைத் தள்ளி வைக்க மரியாதையைக் கூட்டினாலே போதும்.

அவள் காப்பி எடுத்துத்தான் வைத்திருந்தாள். பூஜைத் தட்டிலிருந்து தன் பிளாப்பியைத் தேடி எடுத்தாள். அந்தக் காலத்துப் பெரிய பிளாப்பிகளில் நடுவே ஒரு நீள ஓட்டை இருக்கும், அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் தகட்டைப் படிக்கும். முதலாளி வைத்த சந்தனப் பொட்டு சரியாக அந்த ஓட்டையில் விழுந்து காய்ந்திருந்தது. அவள் நகத்தால் மெல்லச் சுரண்டினாள், முந்தானையால் ஒற்றினாள். போட்டுப் பார்த்தபோது டிரைவ் கரகரவென்று கத்தியது. படிக்க முடியவில்லை என்றது.

"சார், சந்தனம் உள்ள போயிருச்சுங்க" என்றாள் அவள்.

"சாமிக்கு வெச்சதைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் முதலாளி. முகம் சிவந்துவிட்டது. "பொறுப்புங்கறது படிச்சு வர்றதில்லீங்க. வளர்ற எடத்துல வரோணும். கண்ணு, நீயே இதைப் பாரு. எப்படியாச்சும் சரி பண்ணி நீயே ஈரோட்டுக்கு எடுத்துட்டுப் போ." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தடங்கல் போகட்டும் என்று தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஈரோடு எனக்கு, கண்ணு எனக்கு. வளர்ற எடம் என்று அவர் சொன்னதும் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் சரி பண்ணு என்றால் நான் எதைப் பண்ணுவது? அந்தப் பதினொரு கோப்பில் ஒன்றையாவது நான் படித்திருந்தால்தானே. கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, வேலை செய்வதுபோல டைரக்டரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அதுல இனி எதையும் எழுதிப்போடாதீங்க" என்றாள் அவள். "சித்த நகருங்க, நான் பாக்கறேன்."

அழித்த கோப்பு உடனே போய்விடாது, அதே இடத்தில் வேறு எதையாவது எழுதுகிறவரை அங்கேயே கிடக்கும் என்பது எனக்கும் ஏட்டளவில் தெரியும். அவள் வந்த புதிதில் அந்த கம்ப்யூட்டரில் இன்னொரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள். எது அழிந்தாலும் அதன் பெயரை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. அது எனக்குத் தெரியாது. மீட்கும் கட்டளையை அடித்தாள். பூஜை அன்று முழுக்க அணைத்து வைத்திருந்ததால் அந்த இடங்களில் பெரும்பாலும் வேறு எதுவும் எழுதப்படவில்லை. காலையில் கம்பைல் செய்ததில், லைப்ரரிக்காக அவள் எழுதிய மூலக் கோப்புகளில் இரண்டு மட்டும் கெட்டிருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்த லைப்ரரிக் கோப்பு முழுதாக இருந்தது.

திரையில் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது அழிந்த நாளும் நேரமும். பூஜைக்கு முந்தின நாள், மாலை ஐந்து இருபது. பதினொன்றுக்கும் அதே ஐந்து இருபது.

அவள் நான்கு மணிக்குக் கிளம்பியவள். அந்த மாடியில் ஐந்து இருபதுக்கு யார் இருந்தது என்று கணக்குப் போட இன்ஜினியரிங் தேவையில்லை. அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள், அடுத்த வரிக்குப் போகவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அழுதிருக்கலாம், இல்லை சண்டை போட்டிருக்கலாம். அவள் திரும்பவில்லை. தேவையானவற்றை மீட்டாள், இணைத்தாள். ஒரு தவறும் வராமல் புரோகிராம் உண்டாயிற்று.

கீழே முதலாளியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. அவள் திரையைத் துடைக்கும் கட்டளையை அடித்தாள். பட்டியல் போய்விட்டது. கறுப்புத் திரையும் மேலே ஒரு மூலையில் துடித்துக்கொண்டிருந்த கோடும்தான் இருந்தன.

"வந்துருச்சுங்க சார்" என்றாள்.

"தேங்காய் நல்லா செதறுச்சு, அப்பவே நெனச்சேன்" என்றார் முதலாளி. மகிழ்ச்சியில் எங்கள் இருவருக்கும் திருநீறு கொடுத்தார். புரோகிராமைப் புது பிளாப்பியில் ஏற்றி என் கையில் கொடுத்தார். "சொன்னது சொன்னதுதான் கண்ணு. நீயே போய்ட்டு வந்துரு. அந்த மில்லு இனி உன்ற பொறுப்பு." அவளிடம், "நீங்க இன்னொரு ஆறு மாசம் இருந்து பழகுங்க, அப்பறம் பாக்கலாங்க" என்றார். அவள், "சரிங்க சார்" என்றாள். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். பிளாப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், பத்திரமாக, மடங்கிவிடாமல், ரொம்ப நேரமாக.

மில் கார் அன்று வரவில்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். பாதிப் படி இறங்கியவள் நின்றேன். அவள் பூஜைத் தேங்காய் மூடியைக் கழுவப் படிக்குக் கீழே இருந்த குழாய்க்கு வந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும்.

"பாத்தீல்ல," என்றேன். "அப்பறம் எனத்துக்கு நீ அவருகிட்டச் சொல்லல?"

உங்களுக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளை நல்லவள் என்று நினைத்துவிட்டு, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

அவள் குழாயை மூடினாள். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"சொன்னா நம்புவாருங்களாக்கா?"

நான் அவளைத் தாண்டிப் போய் ஈரோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.